உரிமையை வழங்கினார்களாம்!

சங்கராபுரம் சட்டசபைத் தொகுதியைச் சேர்ந்த கல்வராயன் மலை மக்களுக்கு வாக்குரிமை ‘வழங்கப்பட்டது’ என்று எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். வழங்கியது யார்? அது யார் வீட்டுச் சொத்து? இதை மட்டும் ஒருவரும் சொல்லுவதில்லை.

சங்கதி என்ன? அம்மலை தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்தது. ஏழை மலைமக்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் வெட்டிவேலை செய்து மடிந்தார்கள். சர்க்கார் 1976-இல்தான் ஜாகீரை எடுத்துக் கொண்டது. அதற்கும் 20 வருஷம் கழித்து, 1996-இல்தான் அவர்களுக்கு வாக்குரிமை கிடைத்ததென்று 2024-இல் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே எடுத்துச் சொல்லப்பட்டது. ஆனால், வயது வந்த பிரஜைகள் எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்ற அரசியல் சட்டமோ 1950-இலேயே அமுலுக்கு வந்துவிட்டது. ஆகவே அவர்களுடைய சொத்தை 46 வருஷம் அவர்கள் கைக்கு எட்டாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு ‘வழங்கினோம்’ என்கிறார்கள்! ஒருவனுடைய மாட்டைப் பிடித்துக் கட்டி வைத்திருந்து, பல வருஷம் கழித்து அவிழ்த்துவிட்டால், அதற்குக் கோதானம் என்றா பெயர்?

“வார்த்தையில் என்ன இருக்கிறது? கிடைத்தால் போதாதா?” என்று சில அறிவாளிகள் கேட்கலாம். வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. கேட்பதற்குக்கூட நம் நாட்டில் மேல் கீழ் வைத்தார்கள். தாழ்ந்தவன் ‘ஈ’ என்று கேட்க வேண்டும், ஒத்தவன் ‘தா’ எனலாம், உயர்ந்தவன் ‘கொடு’ எனலாம் என்று தொல்காப்பியமே வகை பிரித்திருக்கிறது. ‘அளி’ என்றாலோ கொடுப்பதும் அதுதான், இரக்கமும் அதுதான். கம்பளியை வழங்கட்டும், பரிசை அளிக்கட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. உரிமை என்பதோ உரியது என்ற பொருளுடையது. நமக்கு உரியதை நமக்கே வழங்க இன்னொருவனுக்கு என்ன யோக்கியதை?

‘வழங்கினான்’ என்றால் வாங்கினவன் கும்பிட வேண்டும். வழங்கினவன் நினைத்தால் பறித்துக் கொள்ளவும் செய்யலாம். ‘ஒப்புக் கொண்டான்’ என்றாலோ, “இத்தனை நாள் ஏன் ஒப்புக் கொள்ளவில்லை?” என்ற கேள்வி உடனே பிறந்துவிடும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ‘வழங்கு’கிறார்கள்.

இதைச் சட்டமே ஒப்புக் கொண்டிருக்கிறது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் பெயரில் ‘வழங்குதல்’ இல்லை; ‘அங்கீகரித்தல்’ என்றே இருக்கிறது. மலைமக்களுக்குச் சரித்திரபூர்வமான அநீதி இழைக்கப்பட்டது என்றும் அதன் முகவுரை கூறுகிறது. அப்படியிருந்தும் பட்டா ‘வழங்கும் விழா’வும், மாலையும், மேளமும் எதற்கு? அநீதி செய்தவன் திருத்திக் கொள்ளுவதற்கு ஒரு விழாவா?

தோழர்களே! இனி எந்த மேடையிலாவது ‘உரிமை வழங்கினோம்’ என்று யாராவது சொன்னால் கை தட்டாதீர்கள். “இதுவரை அதை வைத்திருந்தது யார்?” என்று எழுந்து கேளுங்கள்.