பால் கொடுக்கும் தாய் வலியைப் பொறுக்கத்தான் வேண்டுமா?

குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. வயிற்றில் ஆபரேஷன் செய்த இடம் சுரீர் என்று இழுக்கிறது. தாயால் எழுந்து உட்கார முடியவில்லை. குழந்தையோ பாலுக்கு அழுகிறது. மாத்திரையை எடுக்கக் கை போகிறது.

"வேண்டாம்மா. நீ தின்பதெல்லாம் பாலில் இறங்கும். பிள்ளைக்கு ஆகாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்கிறாள் மாமியார்.

பேரப் பிள்ளை மீதுள்ள பாசம்தான் அப்படிப் பேச வைக்கிறது. ஆனால், அது பாதி உண்மைதான்.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன் பிரசவங்கள். அத்தனை தாய்மாருக்கும் வலி உண்டு. பால் கொடுக்கும் கடமையும் உண்டு.

வலி தாங்காத தாயால் குழந்தையைச் சரியாக மடியில் ஏந்த முடியாது. பால் கொடுப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். பிறகு புட்டிப்பால்! பிள்ளைக்காகப் பொறுத்த வலி, பிள்ளையின் பாலையே பறித்துவிடுகிறது. இது நியாயமா?

பாலில் எவ்வளவு இறங்கும்?

தாய் விழுங்கும் மாத்திரை முதலில் ரத்தத்தில் கலக்கிறது. அங்கிருந்துதான் பாலுக்குப் போகிறது. போகும் அளவு மருந்துக்கு மருந்து வேறுபடும்.

பாராசிட்டமால் மிகச் சிறிய அளவே இறங்கும். காய்ச்சல் கண்ட குழந்தைக்கு டாக்டர் நேராகக் கொடுக்கும் அளவில் அது ஒரு சிறு பங்குதான். இபுபுரூபன் அதைவிடக் குறைவு. பால் கொடுக்கும் தாய்க்கு முதலில் நாட வேண்டியவை இவ்விரண்டுமே என்பது இன்றைய மருத்துவர்களின் கருத்து.

அதற்காக அள்ளி விழுங்கலாமா? கூடாது. பாராசிட்டமால் ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு நாளில் மொத்தம் 4,000 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. அதையும் இதையும் சேர்த்து விழுங்கினால் கணக்கு தப்பும், ஈரல் கெடும். குடல் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இபுபுரூபன் சாப்பிடக் கூடாது.

எவை ஆகாது?

வலிக்கென்று ஆஸ்பிரின் வேண்டாம். காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தால், மூளையையும் ஈரலையும் தாக்கும் 'ரே' என்ற நோய் அபூர்வமாக வருவதுண்டு. வேறு நல்ல மருந்து இருக்க, இந்த அபாயம் எதற்கு? ஆனால் ரத்தம் உறையாமலிருக்க டாக்டர் சிறு அளவில் எழுதித் தந்திருந்தால், அது வேறு விஷயம். தானாக நிறுத்தக் கூடாது.

கோடீன், டிரமடால் இரண்டும் இன்னும் பொல்லாதவை. கோடீன் உடலில் மார்பினாக மாறுகிறது. சிலருடைய உடல் அதை அதிவேகமாக மாற்றிவிடும். அது பால் வழியே சென்றால் சிசு மயங்கிக் கிடக்கும், மூச்சே தடைபடலாம். தாய்மார் இவற்றைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2017ல் எச்சரித்தது. சில இருமல் மருந்துகளிலும் கோடீன் உண்டு என்பதை மறக்கக் கூடாது.

தைலம், களிம்பு எதுவானாலும் மார்பில் தடவக் கூடாது. அது குழந்தையின் வாய்க்கும் மூக்குக்கும் போகும்.

ஒரே ஒரு வாக்கியம்

கணவர் மருந்துக் கடைக்குப் போகிறார். "வலிக்கு நாலு மாத்திரை கொடுங்கள்" என்கிறார். கடைக்காரரும் பெயர் தெரியாதபடி வெட்டிக் கொடுக்கிறார். வலி யாருக்கு என்று அவர் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

"பால் கொடுக்கிற அம்மாவுக்கு" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். டாக்டரிடமும் அதையே சொல்ல வேண்டும். குறைமாதக் குழந்தை, நோயுற்ற குழந்தை என்றால் எந்த மாத்திரைக்கும் முன் அவரைக் கேட்பதே முறை. பால் கொடுத்து முடித்தவுடன் மாத்திரை சாப்பிட்டால், அடுத்த வேளைக்குள் அதன் வேகம் தணிந்துவிடும்.

மருந்து சாப்பிட்ட பிறகு குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், பால் குடிக்க மறுத்தால், மூச்சுத் திணறினால், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிரசவமான ஆறு வாரத்துக்குள் தாய்க்குக் கடுமையான தலைவலியோடு கண்ணும் மங்கினால், அது மாத்திரையால் அடக்கும் வலி அல்ல. அப்போதும் ஆஸ்பத்திரிதான்.

பொறுமை பெண்ணுக்கு அணிகலன் என்று சொல்லிச் சொல்லியே அவள் வலியை யாரும் கேட்காமல் விட்டோம். தாய் வலியில் துடிப்பதால் எந்தக் குழந்தையும் கொழுகொழுவென்று வளர்ந்ததில்லை. வீட்டிலுள்ளவர்கள் "பொறுத்துக்கொள்" என்பதை விட்டு, "எந்த மாத்திரை என்று டாக்டரைக் கேட்போம், வா" என்று சொல்லட்டும். தாய்க்கும் நல்லது, சேய்க்கும் நல்லது.