கடலும் நாமும்

கடல் எனின் நம்மவருட் பெரும்பாலார் நினைப்பன இரண்டே: மாலையிற் காற்று வாங்கும் மணற்பரப்பு ஒன்று; பரதவர் வலை வீசும் இடம் மற்றொன்று. உள்நாட்டில் வாழும் நமக்கும் அதற்கும் யாது தொடர்பு என்பாரும் உளர். இக்கூற்றுப் பொருந்தாது. ஐப்பசி கார்த்திகையில் நம் ஏரிகளை நிரப்பும் மழை வங்கக் கடல் ஈந்த நீரன்றோ? கடலைக் கண்டறியா உழவனும் கடலால் உண்கின்றான்.

பெறுவதை அறியாதார் கெடுப்பதையும் அறியார். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில், 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளப் பாறைகள், சிற்றுயிர்கள் நெடுங்காலம் முயன்று கட்டிய அரண்கள். அலையின் வேகத்தைத் தணிப்பன. மீன் குஞ்சுகட்குப் புகலிடமாவன. அவற்றைச் சுண்ணாம்பின் பொருட்டுப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தனர். பூவரசன்பட்டி உள்ளிட்ட இரு தீவுகள் அரணிழந்து நீருள் மறைந்தன. 1986-ல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001-ல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலிற் சேர்க்கப்பெற்றன.

இப்பழியைக் கடற்கரையார் தலைமேல் மட்டும் சுமத்துதல் நேர்மையோ? வெட்டியவர் அவர், விலைகொடுத்து வாங்கியவர் யார்? பொருள் எங்கிருந்து வந்ததென வாங்குவோர் வினவாராயின், சட்டம் ஒன்றே கடலைக் காக்கமாட்டாது. நம் முன்னோர் நெய்தலை ஐந்திணையுள் ஒன்றாக வைத்தெண்ணினர். ஏனை நிலத்தாரும் அதனைத் தமதெனக் கருதுமாறு எடுத்துரைத்தல், கற்கும் வாய்ப்புப் பெற்ற மாணவராகிய நம் கடனாம்.