செக் இன்ஜின் லைட்டும் சென்சார் வியாபாரமும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: நான் மெக்கானிக் கிடையாது. பானட்டைத் திறந்து கையைக் கறுப்பாக்கிக்கிறதுல சுகம் காணுற ஆளு, அவ்வளவுதாங்க.

இனி மேட்டர். சிக்னல்ல நிக்கும்போது வண்டி பொசுக்குனு ஆஃப் ஆகும். பின்னாடி நிக்கிற பஸ்காரர் ஹாரன் அடிச்சே நம்மள பஸ்பமாக்கிடுவார். டாஷ்போர்டுல மஞ்சளா ஒரு இன்ஜின் படம் எரியும். பட்டறைக்குப் போனா ஸ்கேனரைச் சொருகிப் பாத்துட்டு, "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார், மாத்தணும்"பாங்க. மாத்தினா ஒரு வாரம் ஓடும். அப்புறம் அதே சிக்னல், அதே பஸ். அடுத்து இன்னொரு சென்சார், இன்னொரு பில்லு.

என் கட்சி இதுதான்: ஸ்கேனர் காட்டுற கோடு ஒரு புகார் மனு. தீர்ப்பு இல்லை. பல இடங்கள்ல புகார் குடுத்தவனையே புடிச்சு உள்ள போடுறாங்க.

இந்த ஓபிடி-2 எதுக்கு வந்ததுன்னு யோசிச்சாலே பாதி புரிஞ்சிடும். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இது கட்டாயம். நம்ம நாட்டுக் கார்களுக்கு 2013 ஏப்ரலில் வந்தது. முக்கிய நோக்கம், வண்டி விடுற புகை அளவு மீறினா ஓட்டுறவருக்குத் தெரியணும்கிறது. 'எந்த பார்ட்டை மாத்தணும்'னு சொல்றதுக்காக யாரும் இதைக் கண்டுபிடிக்கலை. 'நான் எதிர்பார்த்த அளவு இது, வந்த அளவு வேற' என்பதோட கம்ப்யூட்டரோட வேலை முடிஞ்சுது. மிச்சத்தை மனுஷன்தான் கண்டுபிடிக்கணும்.

உதாரணத்துக்கு பி0171. காற்று அதிகம், பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். ஏன் கம்மி? எங்கயோ ஹோஸ் விரிசல் விட்டு காற்று திருட்டுத்தனமா உள்ள போகலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். ஃபில்டர் அடைச்சிருக்கலாம். காற்றை அளக்குற மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார்ல அழுக்கு படிஞ்சிருக்கலாம். இத்தனை சந்தேகக் கேஸ் நிக்கும்போது, உண்மையைச் சொன்ன ஆக்ஸிஜன் சென்சாரைக் கழட்டி எறியுறது, காய்ச்சல் அடிக்குதுன்னு தெர்மாமீட்டரை மாத்துற கதை.

நண்பர் ஒருத்தர் வண்டியில நடந்தது இது. சிக்னல்ல மட்டும் ஆஃப் ஆகும், ஹைவேல ஜம்முனு போகும். கோடு பி0171. ஒரு பட்டறையில (பேர் வேண்டாம்) ரெண்டு சென்சார் மாத்தி பதினஞ்சாயிரத்துக்கு மேல கறந்துட்டாங்க. வியாதி அப்படியே இருந்துச்சு. அப்புறம் போனோட பேசுற சின்ன ப்ளூடூத் ஸ்கேனரைச் சொருகி, ஃப்யூயல் டிரிம்னு ஒரு கணக்கு இருக்கே, அதைப் பார்த்தோம். கம்ப்யூட்டர் வழக்கத்தை விட எவ்வளவு சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்குதுங்கிற எண் அது. பூஜ்யத்துக்கு அஞ்சு பத்து இப்படி அப்படி இருந்தா கவலை இல்லை. ஐடிலிங்ல கூட்டல் 22. ஆக்ஸிலேட்டரை மிதிச்சு 2500 ஆர்பிஎம்ல வெச்சா கூட்டல் 5.

இதுலயே விடை இருக்கு. விரிசல் வழியா நுழையுற காற்று ஐடிலிங்ல பெரிய பங்கு, ஏன்னா இன்ஜின் இழுக்குற மொத்தக் காற்றே அப்போ கொஞ்சம்தான். வேகம் கூடினா அந்தப் பங்கு சிறுத்துடும். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருந்தா கதை பொதுவா தலைகீழா இருக்கும், வேகத்துலதான் கஷ்டப்படும். தேடினா, ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அப்புறம் வர்ற ரப்பர் ஹோஸோட மடிப்புல விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. புது ஹோஸ் 600 ரூபாய்!

இன்னொண்ணு. ஒரே நேரத்துல நாலஞ்சு சென்சார் கோடு வந்தா நாலஞ்சும் செத்துப்போச்சுன்னு பயந்துடாதீங்க. பல சென்சார்களுக்கு கம்ப்யூட்டர் ஒரே 5 வோல்ட் லைன்ல கரண்ட் குடுக்கும். அதுல ஒரு ஒயர் ஷார்ட் ஆனா மொத்தக் கூட்டமும் கத்தும். எர்த் ஒயர் துரு பிடிச்சாலும், பேட்டரி சோர்ந்தாலும் இதே கூத்துதான். நம்மூர்ல எலி வேற! மழை தண்ணில நின்ன வண்டின்னா கனெக்டருக்குள்ள பச்சை பூத்திருக்கான்னு முதல்ல பாக்கணும்.

சென்சாரே குற்றவாளியா இருக்கிறதும் உண்டு, இல்லேங்கலை. கிராங்க் சென்சார் சூடானா சிக்னல் குடுக்காம நின்னுடும், ஆறினதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். ஆனா பி0335ன்னு வர்ற கோடு கூட 'சர்க்யூட்'னுதான் சொல்லுது. அதுல சென்சார், ஒயர், கனெக்டர் மூணும் அடக்கம். மல்டிமீட்டர் வெச்சுப் பாக்காம தீர்ப்பு எழுதக்கூடாது.

"வண்டி நின்னா என்ன, திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கலாம்"னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 2014ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைச்சது. சாவி போடுற ஸ்விட்ச் தளர்வா இருந்து, ஓடும்போதே தானா நழுவி இன்ஜின் நின்னுச்சு. கூடவே பவர் ஸ்டீயரிங்கும் ஏர்பேக்கும் போச்சு. கம்பெனிக்குள்ள பல வருஷம் இதை வாடிக்கையாளரின் வசதிக்குறைவுன்னு வகைப்படுத்தி வெச்சிருந்தாங்க. கடைசியில் நஷ்ட ஈட்டு நிதி ஏத்துக்கிட்ட சாவுகள் 124. தப்பான தலைப்புல ஃபைல் போட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

மெக்கானிக்கை மட்டும் திட்டிட்டுப் போறது நியாயம் இல்லை. ரெண்டு மணி நேரம் குனிஞ்சு தேடி ஒரு ஹோஸைக் கண்டுபிடிச்சவர் 800 ரூபாய் லேபர் கேட்டா, "ஒரு ரப்பர் பைப்புக்கு இவ்வளவா?"ன்னு சண்டைக்கு நிப்பாங்க. அதே ஆளு ஏழாயிரத்துக்கு சென்சார் டப்பாவைக் காட்டினா வாயை மூடிட்டு காசை எண்ணி வைப்பாங்க. டாக்டருக்கு கன்சல்டிங் ஃபீஸ் குடுக்கிறோம், கண்டுபிடிக்கிற மெக்கானிக்குக்கு ஏன் குடுக்கக்கூடாது? மூளைக்குக் காசு இல்லை, டப்பாவுக்குத்தான் காசுன்னா அவரும் டப்பாதான் விப்பார்.

அதனால, அடுத்த தடவை லைட் எரிஞ்சா மூணு விஷயம் செய்யுங்க. கோடை அழிக்கிறதுக்கு முன்னாடி, கோடு விழுந்த நேரத்து ஆர்பிஎம், சூடு, வேகம் எல்லாம் பதிவாகியிருக்கிற ஃப்ரீஸ் ஃப்ரேமை போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. "இந்த பார்ட்தான்னு எந்த டெஸ்ட் வெச்சு முடிவு பண்ணீங்க அண்ணே?"ன்னு தன்மையா கேளுங்க. "கோடு அப்படித்தான் சொல்லுது"ன்னு பதில் வந்தா நன்றி சொல்லிட்டு வண்டியை எடுத்துடுங்க. டெஸ்ட் பண்ணிக் காட்டுறவர் கிடைச்சா, கேட்ட லேபரைப் பேரம் பேசாம குடுத்து, அவர் நம்பரையும் பத்திரமா வெச்சுக்குங்க. அப்படிப்பட்டவங்க கம்மி, விட்டுடாதீங்க :-)