ஊரை மாற்றியது அரசு. படிவம் நிரப்புவது ஒவ்வொரு வீடுமா?

செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பர் 29 அன்று. இரண்டு ஆண்டு கழித்து, 2021 நவம்பர் 3 அன்று அந்த மாவட்டத்தில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்ற ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்ற ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. இங்கே குடியிருப்பவருக்கு மாவட்டம் மாறிற்று, உள்ளாட்சி மாறிற்று, வார்டு எண் மாறிற்று. வீடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அட்டைகளோ ஆளுக்கொரு கதை சொல்கின்றன. ஆதாரில் பழைய காஞ்சிபுரம் மாவட்டம், ரேஷன் கார்டில் பழைய பேரூராட்சி, வரி ரசீதில் புது வார்டு. முகவரி ஒத்துப்போகவில்லை என்று வங்கியிலோ பாஸ்போர்ட் விசாரணையிலோ கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் குடியிருப்பவர்தான். ஆதாரில் முகவரி திருத்த இப்போது தலைக்கு 75 ரூபாய். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 300 ரூபாய். இ-சேவை மையத்தில் காத்திருக்கும் நாளின் கூலி தனி. இந்த மாற்றத்தைக் கேட்டது மக்கள் அல்ல. அரசு ஆணை போட்டுச் செய்தது. அதைப் பதிவுகளில் ஏற்றும் வேலை மட்டும் ஏன் வீடு வீடாக மக்கள் தலையில் விழ வேண்டும்?

நம் அரசு இணையதளங்கள் பெரும்பாலும் ஒரு படிவத்துக்கு ஒரு பதிவு என்றே கட்டப்பட்டிருக்கின்றன. 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னது நினைவிருக்கும். மாநிலம் முழுக்க 2.67 கோடி இணைப்புகள். ஆறு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர் இணைப்பு எண், ஓடிபி, ஆதார் நகல் என்று ஆறு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 31 என்ற கெடு நீண்டு நீண்டு பிப்ரவரி கடைசிக்குப் போனது. சொத்து வரியில் பெயர் மாற்றமும் அப்படித்தான்: ஒரு வரிவிதிப்பு எண்ணுக்கு ஒரு விண்ணப்பம். நாற்பது வீடுள்ள குடியிருப்பில் நாற்பது பேரும் தனித்தனியாக அதே மூலப் பத்திர நகலை ஏற்றுகிறார்கள்.

கணினிக்கு இது கடினமான வேலையே அல்ல. ஒரு தெருவின் வீடுகள் எல்லாம் ஒரே பக்கத்தில் பட்டியலாக வர வேண்டும். திருத்த வேண்டியவற்றை டிக் செய்து, மாற்றத்தை ஒருமுறை எழுதிச் சேமித்தால் போதும். அதைவிட நல்ல வழியும் உண்டு. தெருப் பெயரை ஒவ்வொரு வீட்டின் பதிவிலும் தட்டச்சு செய்யாமல், தெருவுக்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்து, பெயரைத் தனி அட்டவணையில் வைத்திருந்தால், அந்த அட்டவணையில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் தெரு முழுக்க மாறிவிடும். தெருக்களின் சாதிப் பெயர்களை நீக்கச் சொல்லி 2025 அக்டோபரில் அரசாணை வந்தது. நல்ல முடிவு, நான் முழுமனதாக வரவேற்கிறேன். ஆனால் பலகையை மாற்றியதோடு நிறுத்திவிட்டு, அட்டைகளை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று மக்களை அனுப்பக் கூடாது.

மொத்தமாக மாற்றுவதில் ஆபத்து இல்லாமல் இல்லை. தேனுபுரீஸ்வரர் கோயில் உள்ள மாடம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. கூடுவாஞ்சேரி பக்கத்தில் இன்னொரு மாடம்பாக்கம், அது வண்டலூர் வட்டம். மாவட்டப் பதிவுகளில் ஊர்ப் பெயரை மட்டும் தேடி ஒருவர் 'எல்லாவற்றையும் மாற்று' என்று அழுத்தினால், அந்த ஊரும் தாம்பரத்துக்குள் வந்து விழும். ஆகவே எத்தனை பதிவுகள் மாறப்போகின்றன, பழையது என்ன, புதியது என்ன என்பதைச் சேமிக்கும் முன் திரை காட்ட வேண்டும். ஒரு அலுவலர் ஏற்ற, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். நடுவில் கரன்ட் போனால் பாதி மாறி, பாதி நிற்கக் கூடாது. முழுதும் ஏற வேண்டும், இல்லையேல் ஒன்றும் ஏறக் கூடாது. யார், எப்போது மாற்றினார் என்ற குறிப்போடு பழைய விவரமும் பத்திரமாக இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் நீக்குவதும், சொத்தின் உரிமையாளரை மாற்றுவதும் தனி மனிதரின் உரிமையைத் தொடுபவை. பொதுவான மூலப் பத்திரத்தை ஒருமுறை ஏற்றினால் போதும் என்றாலும், அங்கே ஒவ்வொன்றாகத்தான் விசாரிக்க வேண்டும். மாவட்டம், வார்டு, தெருப் பெயர் அப்படியல்ல.

தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள் உள்ளன. ஒவ்வொரு வார்டுக்கும் பழைய முகவரி, புதிய முகவரி இரண்டையும் அருகருகே அச்சிட்டு மண்டல அலுவலகங்களிலும் இணையத்திலும் வைக்கலாம். ஆட்சேபத்துக்கு 30 நாள் கொடுத்து, பிறகு ஒரே வீச்சில் திருத்தி, உணவு வழங்கல் துறைக்கும் மின்வாரியத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அந்தப் பட்டியலை அனுப்ப வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கங்கள் எக்செல் பட்டியலாகத் தரும் திருத்தங்களைப் பெற ஒரு படிவம் திறக்க வேண்டும். ஒன்றிய அரசின் ஆதாரில் மாநிலம் கை வைக்க முடியாதுதான். ஆனால் அரசாணையால் மாறிய முகவரிக்குக் கட்டணம் வேண்டாம் என்று ஆதார் ஆணையத்துக்கு எழுத முடியும். மாநகராட்சி மன்றம் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரட்டும். உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள், மனுவின் நகலுக்கு முத்திரை வாங்கி வையுங்கள்.