பென்சிலினில் வளரும் வைரஸ்

மாலை ஏழு மணி, எங்கள் தெரு மெடிக்கல். காய்ச்சலில் துவண்ட பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த அம்மா கேட்டார்: "அண்ணா, போன தடவை குடுத்தீங்களே, அந்த ஆன்டிபயாடிக் சிரப், அதையே குடுங்க." டாக்டர் சீட்டு இல்லை. அசித்ரோமைசின் பாட்டிலை எடுத்து வைத்த கடைக்காரர், "வைரல் ஃபீவர்தாம்மா, சரியாயிடும்" என்றார். வைரஸ் என்று வாய் சொல்ல, பாக்டீரியாவுக்கான மருந்தைக் கை எடுத்துக் கொடுக்கிறது. கிருமி என்றால் கிருமிதானே, பவரான மருந்து போட்டால் எதுவும் சாகும் என்ற நம்பிக்கை கல்லாப்பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாகவே இருக்கிறது. அது தவறு. எவ்வளவு தவறு என்பதை வைரஸை வளர்க்கும் ஆய்வகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம்.

அங்கே ஒரு தட்டையான குடுவை படுக்கவைக்கப்பட்டிருக்கும். உள்ளே இளஞ்சிவப்புத் திரவம். அடியில் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்கள் பாய் விரித்ததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் திரவத்தில் வழக்கமாகவே பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்திருக்கும். மில்லிலிட்டருக்கு முறையே 100 யூனிட், 100 மைக்ரோகிராம். காற்றிலிருந்தோ கையிலிருந்தோ பாக்டீரியா விழுந்து குடுவையைக் கெடுத்துவிடக் கூடாதே! பிறகு அதிலேயே வைரஸை விடுவார்கள். சில நாளில் செல்கள் உருண்டு, பிடி விட்டு, மிதக்கத் தொடங்கும். இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு நடுவே வைரஸ் செழித்து வளர்ந்திருக்கிறது! 1949இல் பாஸ்டனில் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் போலியோ வைரஸை நரம்பல்லாத திசுவில் வளர்த்துக் காட்டியபோதும், பாக்டீரியாவைத் தடுத்துக் காவல் நின்றவை இந்த மருந்துகள்தாம். 1954இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வைரஸை வளர்க்க உதவும் மருந்தையா வைரஸைக் கொல்லும் என்று பிள்ளைக்கு ஊட்டுவது?

காரணம் அமைப்பில் இருக்கிறது. பென்சிலின் பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். அசித்ரோமைசின் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்துப் புரத உற்பத்தியை நிறுத்தும். வைரஸுக்குச் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. புகையிலை மொசைக் வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஆர்.என்.ஏ. இழை, அதைச் சுற்றி ஒரே புரதத்தின் சுமார் 2,130 பிரதிகள், அவ்வளவுதான். 1935இல் விஞ்ஞானி ஸ்டான்லி அதை உப்பைப்போல் படிகமாகவே எடுத்துக் காட்டினார். அடிக்க அங்கே என்ன இருக்கிறது?

வைரஸுக்கு மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அசைக்ளோவிர் இருக்கிறது, ஆனால் அது வேலை செய்ய ஹெர்பிஸ் வகை வைரஸின் சொந்த நொதி வேண்டும், இன்ஃபுளுயன்சாவிடம் அது செல்லாது. 1971இல் விஞ்ஞானி பால்டிமோர் வைரஸ்களை அவற்றின் மரபுப் பொருளை வைத்துப் பிரித்தார். இன்று அந்த வரிசையில் ஏழு வகுப்புகள். வைரஸுக்குள்ளேயே இத்தனை சாதி இருக்கும்போது, எல்லாவற்றுக்கும் ஒரே சிரப் எப்படிப் பொருந்தும்?

"போட்டேன், சரியாச்சே" என்பார்கள். சாதாரண வைரஸ் காய்ச்சல் சில நாளில் உடம்பின் சொந்த எதிர்ப்பால் தானே இறங்கும். இறங்கும் நாளுக்கு முந்தின நாள் குடித்த சிரப்புக்குப் பேர் போய்விடுகிறது. வைரஸின் பின்னால் பாக்டீரியா நிமோனியா வருவதும் உண்டு. அப்போது ஆன்டிபயாடிக் உயிர் காக்கும். ஆனால் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்த மருத்துவர் அதை எழுதித் தர வேண்டும்.

வீணாகக் குடித்த மருந்து வீணாகவும் போவதில்லை. குடலில் உள்ள பாக்டீரியாக்களில் அதைத் தாங்கியவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் பரவத் தொடங்கிய டைபாய்டு பாக்டீரியா பல மருந்துகளுக்கு மசியவில்லை. வாய்வழி மருந்தில் நம்பிக் கொடுக்க மிஞ்சியது ஒன்றே ஒன்று. அந்த அம்மா அன்று வைரல் காய்ச்சலுக்கு வாங்கிப்போன அதே அசித்ரோமைசின்.