மலை கேட்கும் கேள்வி

தம்பி!

சங்கராபுரம் தொகுதியை 2021-இல் வென்றோம். மீண்டும் வெல்வோம் என்கிறாய். களிப்பு வேண்டாமென்று கூறவில்லை. அத்தொகுதியில் அடங்கிய கல்வராயன் மலையை மறந்து கணக்குப் போடாதே என்கிறேன்.

நாடு விடுதலை பெற்றது 1947-இல். ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அம்மலை மீண்டதோ 1976-இல்! அங்கே வாக்குரிமை வெறும் சடங்கன்று. தலை நிமிர்ந்ததற்குச் சான்று.

2024-இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மலையை நோக்கி விரல்கள் நீண்டன. மலைமக்களின் நிலை யாதெனத் தானே முன்வந்து வினவியது உயர்நீதிமன்றம். ஆட்சியிலிருந்த நாமன்றோ முதலில் வினவியிருத்தல் வேண்டும்!

ஆகவே, வெள்ளிமலைக்கு ஏறு. கொடியோடு மட்டுமல்ல, குறை கேட்கும் செவியோடும் ஏறு. பாதையா, பட்டாவா, பள்ளியா, மருத்துவமா, எது இல்லையென்று எழுதி வா. வாக்குக் கேட்பது பிறகு. கொடுத்த வாக்கைக் காப்பது முதலில்!