அநாதைக் கிணறுகளுக்குத் தந்தை இல்லையா?

நமது காணி உறுதிகளில் ஒரு வாசகம் தவறாது வரும். நிலம் இத்தனை பரப்பு என்று எழுதும் நொத்தாரிசு, கிணற்றில் இன்ன பங்கு, வழி வாய்க்கால் இன்னவாறு என்றும் சேர்த்தே எழுதுவார். கிணற்றுப் பங்குக்காக அண்ணனும் தம்பியும் ஆண்டுக்கணக்கில் வழக்காடியதை நாம் நீதிமன்றத்திற் கண்டிருக்கிறோம். கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்திலும் கமக்காரனின் வயல் நடுவே கிணறு உண்டு. அதில் அவனுக்குப் பங்குதான் இல்லை. ஏனெனில் அது எண்ணெய்க் கிணறு.

மண்ணுக்குடையவனே அதன் மேலுள்ளதற்கும் கீழுள்ளதற்கும் உடையவன் என்பது சட்ட மாணவர் ஆரம்பத்திலேயே கற்கும் முதுமொழி. அம்மாகாணத்தில் அது ஏட்டளவில் நிற்கிறது. நிலத்தடிக் கனிய உரிமையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அரசுடையது. அரசிடம் உரிமை பெற்ற கம்பனி வந்து படலையைத் தட்டினால், 'வராதே' என்று கூறக் கமக்காரனுக்கு வலுவில்லை. மறுத்தானாயின் மேற்பரப்பு உரிமைச் சட்டத்தின் கீழ் நுழைவுக் கட்டளை பெறப்படும். நட்டஈடு எவ்வளவு, ஆண்டு வாடகை எவ்வளவு என்பது மட்டுமே அவன் வாய்திறந்து பேசக்கூடிய பொருள். இவ்வாறு அங்கு இதுவரை தோண்டப்பட்ட கிணறுகள் 4 இலட்சத்துக்கும் அதிகம்.

எண்ணெய் வற்றியபின் நடப்பது என்ன? சட்டத்தின் மொழியில் 'கைவிடப்பட்ட கிணறு' என்றால் சீமெந்திட்டு முறைப்படி அடைக்கப்பட்ட கிணறு என்று பொருள். அடைக்காமலே உடைமையாளர் மறைந்துவிட்டால் அதன் பெயர் 'அநாதைக் கிணறு'. சொல்லைக் கவனியுங்கள்! தாய் தந்தையரை இழந்த பிள்ளையையே நாம் அநாதை என்போம். இக்கிணறுகளின் தந்தையரோ இறக்கவில்லை. சம்பாத்தியத்தைச் சுருட்டிக்கொண்டு பிள்ளையைத் தெருவில் விட்டுச் சென்றவர்கள்.

முறைப்படி அடைத்த கிணறுதானும் உறங்குவதில்லை. எட்மன்டனுக்குத் தென்மேற்கே கல்மார் என்றொரு சிற்றூர். 1947ஆம் ஆண்டு பெப்ரவரி 13இல் எண்ணெய் கண்ட புகழ்பெற்ற லெடுக் வயலுக்கு அயலூர் அது. பழைய கிணறொன்றின் மேலும் அருகிலும் காணியைத் துண்டாடி வீடுகள் கட்டினார்கள், வாங்கியவர்கள் குடியேறினார்கள். கிணறு வாயுவைக் கசிவது பின்னரே தெரியவந்தது. அதை மீண்டும் அடைக்கப் பெரும் இயந்திரம் வரவேண்டும். வீடுகளுக்கிடையே அதற்கு இடமில்லை. ஆதலால் வீடுகள் இடிக்கப்பட்டன. ஆயுட்காலச் சேமிப்பைக் கொட்டி வீடு வாங்கிய குடும்பத்துக்கு, உறுதியைப் பார்த்த சட்டத்தரணி என்ன சமாதானம் சொல்வார்?

அதன் பின்னர், 2012 முதல், காணியைப் பிரிப்போரும் வீடு கட்டுவோரும் கிணற்றுப் படத்தைப் பார்க்கவேண்டுமென விதி வந்தது. நன்று. ஆனால் விதி கேட்கும் குறைந்தபட்ச இடைவெளி எவ்வளவு? கிணற்றைச் சுற்றி 5 மீற்றர். நமது ஊரில் மாட்டுக்கொட்டிலை வீட்டிலிருந்து அதனினும் தூரத்திற் கட்டுவோம். கல்மாரில் இயந்திரத்துக்கு இடமின்றி வீடுகளை இடித்த அனுபவத்துக்குப் பின்னும் 5 மீற்றர்தானா?

படத்தில் இல்லாத கிணறுகளோ இதனினும் கொடியவை. ஒண்டாரியோவில் எண்ணெய் எடுக்கும் தொழில் 1858 முதல் நடப்பது. அக்காலத்துத் துளைகள் யாவும் பதிவில் உண்டென்று எவரும் உறுதிகூற இயலாது. 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26இல் அங்குள்ள வீட்லி என்னும் ஊரின் கடைத்தெருவிலே, நிலத்தடியிலிருந்து கசிந்த வாயு வெடித்தது. இருபது பேர் காயமுற்றனர், கட்டிடங்கள் தகர்ந்தன. காரணமென்று கண்டது, கடைத்தெருவின் கீழே மறந்துபோன பழைய வாயுக் கிணறு.

செலவை யார் ஏற்பது? றெட்வோட்டர் என்ற கம்பனி 2015இல் முறிந்தது. அதன் கிணறுகள் 84. வங்குரோத்து நம்பிக்கைப் பொறுப்பாளர் இலாபந்தரும் 17ஐ மாத்திரம் கையேற்று, ஏனையவற்றைத் தமக்கு வேண்டாமென்றார். கிடைக்கும் பணம் கடன் கொடுத்த வங்கிக்கு. வற்றிய கிணறு ஊருக்கு! அல்பேர்ட்டா நீதிமன்றங்கள் 2016இலும் 2017இலும் இதனைச் சரியென்றே தீர்த்தன. 2019 ஜனவரி 31இல் கனடாவின் அதியுயர் நீதிமன்றம், ஐவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையால், அத்தீர்ப்பைப் புரட்டியது. கிணற்றை அடைக்கும் கடமை முதலில், கடன்காரர் பின்னர்தான். ஆயினும் அடுத்த ஆண்டே மத்திய அரசு கிணறுகளை அடைக்கவென 172 கோடி டொலரைப் பொதுப்பணத்திலிருந்து ஒதுக்கிற்று. தீர்ப்பில் வென்ற பொதுமகன், திறைசேரியில் தோற்றான்.

எண்ணெயாலன்றோ அம்மாகாணத்துக்குத் தெருவும் பாடசாலையும் வந்தன என்பாருமுளர். வந்தது உண்மை. ஆயின் அறுவடையை ஏற்றிச் சென்றவனே வரப்பையும் கட்டித் தரவேண்டும் என்று கேட்பது நன்றி கெட்ட செயலாகுமா? துளையிடுமுன்னரே அடைக்கும் செலவுக்குப் பிணைப்பணம் முழுவதையும் கட்டுவிக்க வேண்டும். காணி உறுதியிலேயே கிணறு வில்லங்கமாகப் பதியப்படவேண்டும். நெடுங்காலமாக அங்கு வற்றிய கிணற்றை இன்ன ஆண்டுக்குள் அடை என்று சட்டம் நாள் குறிக்கவில்லை. வாடகை தராது கம்பனி ஓடினால், கமக்காரனுக்கு அரசே வாடகை கொடுப்பதற்கு மட்டும் சட்டத்தில் ஏற்பாடுண்டு!

கனடாவில் வீடும் காணியும் வாங்கும் நம்மவர் பலர். ஒப்பமிடுமுன் கிணற்றுப் படத்தைக் காட்டு என்று அவர்கள் கேட்கட்டும். மன்னார்த் தீவின் பேசாலையிலும் 1970களில் சோவியத் உதவியுடன் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள், எண்ணெய் கிடைக்கவில்லை. அத்துளைகள் எந்தக் காணியில், எவ்வாறு அடைக்கப்பட்டன, எந்த வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ளன என்பதை எழுத்தில் தருமாறு பேசாலை மக்கள் கேட்க உரிமையுடையவர்கள். கேட்பவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.